முதலிலிருந்து வாசிக்கும் டீச்சர்

செல்லோ டீச்சர் இப்போது எங்கே இருக்கிறார் என்று ஈப்போவில் யாரைக் கேட்டாலும் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். கிள்ளானில் லாரி கம்பெனியில் கணக்கு எழுதுகிறார் என்கிறார் ஒருவர். சிங்கப்பூரில் பெரிய ஹோட்டலில் வாசிக்கிறார் என்கிறார் இன்னொருவர். தஞ்சோங் மாலிமில் ஆவியில் வேகவைத்த பாவ் ரொட்டி வாங்க வரிசையில் நின்றதைக் கண்ணால் பார்த்தேன் என்று என் மைத்துனன் சத்தியம் செய்கிறான். அவன் சத்தியத்துக்கு வீட்டிலேயே மதிப்பு கிடையாது. பக்கத்தில் இருந்து பார்த்த காலத்திலேயே எனக்கு அவரைப் புரியவில்லை. தூரத்திலிருந்து என்ன புரிந்துவிடப் போகிறது என்று நானும் விசாரிக்காமல் இருக்கிறேன்.

நான் கல்யாணங்களுக்கு சவுண்டு சிஸ்டம் போடுகிறவன். ஒரு வேன், சில ஸ்பீக்கர்கள், ஒரு மிக்சர், முதுகுவலி. இவ்வளவுதான் என் சொத்து. சங்கீதம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்களே, அந்தக் கழுதை நான்தான். ஆனால் டீச்சர் வாசித்த கற்பூரத்துக்கு மைக் வைத்த கழுதையும் நான்தான்.

முதன்முதலில் அவரைப் பார்த்தது சுங்கை சிப்புட்டில் ஒரு கல்யாண விருந்தில். மணப்பெண் பட்டணத்தில் படித்தவள். சினிமாப் பாட்டு வேண்டாம், செல்லோதான் வேண்டும் என்று சொல்லிவிட்டாளாம். செல்லோவை வயலினின் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளலாம். உட்கார்ந்துகொண்டு இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நிறுத்தி, வில்லை இழுத்து வாசிக்க வேண்டும். டீச்சர் பட்டுப்புடவையில் வந்தார். செல்லோவின் அடியில் இருக்கும் இரும்புக் குச்சி மண்டபத்துத் தரையில் வழுக்காமல் இருக்க, ஒரு பழைய இடுப்பு பெல்ட்டை நாற்காலிக் காலில் கட்டி அதில் குச்சியைக் குத்திக்கொண்டார். என்னைப் பார்த்து, “மைக்க ரொம்பக் கிட்ட வைக்காதீங்க அண்ணே. நான் மூச்சு வுடறதும் கேக்கும்” என்றார்.

வாசிக்க ஆரம்பித்தார். எனக்கே பிடித்திருந்தது. அடிவயிற்றில் யாரோ கைவைத்த மாதிரி ஒரு சத்தம். அந்த நேரம் பார்த்து வாசலில் பரபரப்பு. தொகுதியின் மக்கள் பிரதிநிதி, எங்கள் பேச்சில் வைபி, வந்துவிட்டார். வைபி வந்தால் நம் மண்டபங்களில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அறிவிப்பாளர் மைக்கைப் பிடுங்கினார். மாலை, பொன்னாடை, இரண்டு வார்த்தை என்று சொல்லி இருபது நிமிடம். டீச்சர் வில்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் கோபம் இல்லை. எல்லாம் ஓய்ந்ததும் வில்லை எடுத்தார். விட்ட இடத்திலிருந்து தொடருவார் என்று நான் ஒலியைச் சரிசெய்து வைத்திருந்தேன். அவர் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

பிறகு கேக் வெட்டினார்கள். நிறுத்தினார், மறுபடியும் முதலிலிருந்து. தாய்மாமன் பரிசு கொடுக்க மேடையேறினார். மறுபடியும் முதலிலிருந்து. சாப்பாட்டுப் பந்தி தொடங்குவதற்குள் அந்தப் பாட்டின் தொடக்கம் மண்டபத்தில் இருந்த குழந்தைகளுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும். மாப்பிள்ளையின் சித்தப்பா என்னிடம் வந்தார்.

“என்னாங்க இது, போட்ட பாட்டையே போடுது? வேற பாட்டு தெரியாதா அதுக்கு?”

“முழுசா வாசிக்க வுட்டாத்தானலா அடுத்த பாட்டுக்குப் போவும்” என்றேன். ஏன் அவருக்காகப் பரிந்து பேசினேன் என்று தெரியவில்லை. உள்ளுக்குள் எனக்கும் எரிச்சல்தான்.

அதற்குப் பிறகு பல கல்யாணங்களில் சேர்ந்து வேலை செய்தோம். ஒவ்வொன்றிலும் அதே கதை. என் உதவியாளர்கள் அவர் வில்லைத் தூக்கும்போதே, “பழைய குருடி, கதவத் தொறடி” என்று சிரிப்பார்கள். ‘ஏன் டீச்சர், நடுவிலிருந்து வாசித்தால் என்ன குறைந்துவிடும்?’ என்று நானும் கேட்டுப் பார்த்தேன். ஒருமுறை, “வுட்ட எடத்துக்குத் திரும்பிப் போனா அங்க இருந்த ஆளு நான் இல்லண்ணே” என்றார். இன்னொருமுறை, “ஆரம்பந்தான் நல்லாருக்கும், கேக்கறீங்கல்ல?” என்றார். மூன்றாம் முறை கேட்டபோது, “தெரியல அண்ணே, கை போக மாட்டேங்குது” என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். மூன்றில் எது உண்மை என்று நான் எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. மூன்றும் பொய்யாகக்கூட இருக்கலாம்.

புந்தோங்கில் அவர் வீட்டு முன்னறையில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கும். ஈரம் பட்டால் செல்லோவின் மரம் பிளந்துவிடும் என்று அந்த அறைக்கு மட்டும் ஏர்கோன். அவரும் அவர் அம்மாவும் பின்னறையில் வேர்த்துக்கொண்டு தூங்குவார்கள். ஒருநாள் பழுதுபார்த்த ஸ்பீக்கரைக் கொடுக்கப் போயிருந்தேன். ஒரு சீனப் பையன் வாசித்துக்கொண்டிருந்தான். வெளியே நாய் குரைத்தது. பையன் நிறுத்திவிட்டுத் தானாகவே முதல் பக்கத்துக்குத் திருப்பினான். அவனுடைய அம்மா என் பக்கமாகச் சாய்ந்து மலாயில் புலம்பினார். பரீட்சைக்குச் சில நாட்கள்தான் இருக்கின்றன, முதல் பக்கம் தண்ணீர் பட்ட பாடாக வருகிறது, கடைசிப் பக்கத்தை அவன் இன்னும் பார்க்கவே இல்லை என்று. டீச்சரிடம் சொன்னேன். “பரீட்ச ரூம்ல நாய் இருக்காதுலா” என்றார். பையன் தேறிவிட்டான், அதுவும் நல்ல மதிப்பெண்ணோடு. அவன் அம்மா இனிப்பு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அடுத்த மாதமே வேறு டீச்சரிடம் மாற்றிவிட்டார்.

டீச்சருடைய அம்மா சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். மகளின் குணத்துக்கு அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது. “மழ வந்துச்சுன்னா அன்னிக்கி வெட்டுனது அம்புட்டும் வீணு தம்பி. மறுநாளு மொத நெரையிலருந்துதான் வெட்டணும். என் வயித்துல இருந்தப்பவே அத பாத்துகிட்டு வந்துருச்சுபோல” என்பார். சொல்லிவிட்டு அவரே தலையில் அடித்துக்கொள்வார்.

தலையில் அடித்துக்கொள்ளக் காரணம் இருந்தது. டீச்சருக்கு இளவயதில் ஒரு இடத்தில் பேசி முடித்திருந்தார்கள். பெண் பார்த்து, பரிசம் போட்டு, நாள் குறிக்கும் நேரத்தில் டீச்சரின் அப்பா தவறிவிட்டார். வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்த படிப்பும் அப்போதுதான் பாதியில் நின்றது. துக்கம் கழிந்து மாப்பிள்ளை வீட்டார் நாள் குறிக்க வந்தபோது, டீச்சர் தட்டோடு வெளியே வந்து நின்று, “மொதல்லருந்து வாங்க மாமி. பொண்ணு பாக்கறதுலருந்து” என்றாராம். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அவர் சிரிக்கவில்லை. “அப்ப பாத்த பொண்ணு அப்பா இருந்த பொண்ணு. இப்ப ஒருவாட்டி பாத்துட்டு அப்பறம் சொல்லுங்க” என்று விளக்கமும் சொல்லியிருக்கிறார். வந்தவர்கள் அவமானம் என்று எழுந்து போய்விட்டார்கள். படிப்பிலும் அப்படித்தான். மீதி இருந்த ஒரு வருடத்தை முடிக்காமல், இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டில் சேர்ந்தார்.

இந்தக் கதையை அவர் அம்மா சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். பிறகு வேனை ஓட்டிக்கொண்டு வரும்போது, அவர் சொன்னதில் என்ன தப்பு என்று தோன்றியது. கோப்பெங் வந்து சேர்வதற்குள், தப்புதான், பெரிய தப்பு என்று மறுபடியும் தோன்றியது. டீச்சர் விஷயத்தில் என் புத்தி எப்போதும் இப்படித்தான் ஆடும்.

ஒரு தரம் அவர் கார் பட்டறையில் கிடந்தது. கோலாலம்பூரில் ஒரு இசைக்குழுவில் யாருக்கோ உடம்பு சரியில்லை, அந்த இடத்தில் வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கும் அங்கே சாமான் எடுக்கும் வேலை இருந்ததால் வேனிலேயே அழைத்துப் போனேன். ஒத்திகையைப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். ஏகப்பட்ட வாத்தியங்கள். முன்னால் நிற்கிற வெள்ளைக்காரர் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கையைக் காட்டி நிறுத்தினார். ஏதோ ஒரு எண்ணைச் சொன்னார். உடனே எல்லாரும் நடுவிலிருந்து ஆரம்பித்தார்கள். எனக்குப் பயமாகிவிட்டது. இப்போது இந்த அம்மா மட்டும் முதலிலிருந்து வாசிக்கப் போகிறார், ஊர் சிரிக்கப் போகிறது என்று பார்த்தேன். டீச்சர் எல்லாரோடும் சேர்ந்து நடுவிலிருந்தே வாசித்தார். முகம்கூட மாறவில்லை.

திரும்பும்போது தஞ்சோங் மாலிமில் சாப்பிட நிறுத்தினோம்.

“அப்ப நடுவுலருந்து வாசிக்க வரும்” என்றேன்.

“அது அவங்க பாட்டு அண்ணே. எங்கருந்து சொல்றாங்களோ அங்கருந்து வாசிக்கறேன்.”

“கல்யாணத்துல?”

“அது என் பாட்டு.”

“எழுதுனவரு வேற ஆளுதான டீச்சர்?”

அவர் பாவ்வைப் பிய்த்துக்கொண்டே யோசித்தார். “எழுதுனவரு செத்துப் போயிட்டாருலா” என்றார். அது பதிலா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

அதே இசைக்குழுவில் நிரந்தர வேலைக்கும் அவர் ஒருமுறை முயன்றார். வாசிப்பவர் யார் என்று தெரியாமல் இருக்கத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்துக் கேட்பார்களாம். குழுவின் பாட்டுத் துண்டுகளை எல்லாம் சரியாக வாசித்திருக்கிறார். கடைசியில் தனிப்பாட்டு. கொஞ்சம் கேட்டதும் போதும் என்று சொல்லி, இன்ன இடத்திலிருந்து வாசியுங்கள் என்றிருக்கிறார்கள். இவர் முதலிலிருந்து ஆரம்பித்தார். சொன்னது புரியவில்லைபோல என்று திருப்பிச் சொன்னார்கள். இவரும் திருப்பி ஆரம்பித்தார். “மூணாவது வாட்டி சொல்லவே இல்லண்ணே, தேங்க்யூ சொல்லிட்டாங்க” என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாயில் வந்தபடி திட்டிவிட்டேன். சம்பளம், மருத்துவச் செலவு, பென்ஷன் எல்லாம் உள்ள வேலையை ஒரு பிடிவாதத்துக்காக விடுவார்களா என்று கேட்டேன். அவர் என் கோபத்தை ரசித்தமாதிரி இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல்.

ஈப்போவில் இருந்துகொண்டு, செல்லோ ஒன்றை மட்டும் நம்பிப் பிழைப்பது என்பது லேசான காரியம் இல்லை. கல்யாணம் இருக்கும் மாதத்தில் இருக்கும், ஆடி மாதத்தில் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல் வாசலில் வாசிக்கும் வேலை, மேனேஜர் மாறியதும் போனது. பிள்ளைகள் பரீட்சையோடு நின்றுவிடும். அம்மாவுக்கு வேறு சர்க்கரை முற்றிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் முதலாளி வந்தார். செட்டிநாட்டுக் குடும்பம், ஈப்போ பழைய பட்டணத்தில் தலைமுறையாக வியாபாரம். கடைக்கு மேல்மாடியில் ஒரு கூடம் கட்டி, மாதம் ஒரு கச்சேரி வைக்கப் போவதாகச் சொன்னார். வருடம் முழுக்க டீச்சர்தான் வாசிக்க வேண்டும். முதல் மாதம் நன்றாகப் போனால் எழுத்துமூலம் உறுதி செய்துவிடலாம் என்றார். இடம் பார்க்க நானும் போயிருந்தேன்.

“ஒரு கல்யாணத்துல பார்த்தேன்மா உங்கள. வைபி வந்து உக்காந்தாரு. நீங்க திரும்ப முதல்லேருந்து வாசிச்சீங்க. இந்த ஊர்ல பாட்டுக்கு மரியாதை கேக்கத் தெரிஞ்ச ஆளு ஒருத்தராவது இருக்காங்கன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்” என்றார் முதலாளி.

டீச்சர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். கீழே இறங்கி வரும்போது என்னிடம், “மரியாத கேக்கறதுக்கா செஞ்சேன் நானு?” என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்?

ஆனாலும் அந்தக் கச்சேரியை அவர் எவ்வளவு வேண்டினார் என்பது எனக்குத் தெரியும். “இது நெலச்சிருச்சுன்னா கல்யாண வேலைய வுட்டுர்லாம் அண்ணே. அம்மாவ நல்ல எடத்துல பாத்துக்கலாம். இல்லன்னா கிள்ளான்ல எங்கண்ணன் லாரி கம்பெனில கணக்கு வேல பாத்து வச்சிருக்காரு. செல்லோவ வித்துட்டுப் போயிருவேன்” என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். கை மட்டும் செல்லோப் பெட்டியின் பிடியை விடவில்லை.

முதலாளி சொன்னதைச் செய்தார். வாசலில் கூடை வைத்து எல்லாருடைய கைப்பேசியையும் வாங்கிக்கொண்டார். ஆரம்பித்த பிறகு யாரும் உள்ளே வரக்கூடாது, வைபியாக இருந்தாலும் சரி. விசிறியின் சத்தம் வரும் என்று அதையும் நிறுத்தச் சொன்னார். நான் கடைசி வரிசைக்குப் பின்னால் மிக்சரோடு உட்கார்ந்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பதிவு செய்தேன்.

டீச்சர் ஆரம்பித்தார். வழக்கமாக வைபி வரும் இடத்தைத் தாண்டினார். கேக் வெட்டும் இடத்தைத் தாண்டினார். அதற்குப் பிறகு வந்ததை நான் கேட்டதே இல்லை. இத்தனை வருடம் தெருமுனையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிய ஊருக்குள் போகிற மாதிரி இருந்தது. பாட்டு தாழ்ந்து, தேடி, மேலே ஏறியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கழுதைக்கும் ஒருநாள் வாசனை தெரியும்போல. திருப்ப இன்னும் ஒரு தாள்தான் மிச்சம் என்பது என் இடத்திலிருந்தே தெரிந்தது.

அங்கே நிறுத்தினார்.

வில் கம்பியை விட்டு எழுந்து நின்றது. டீச்சர் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். முதலாளி சட்டென்று எழுந்து பின்பக்கம் திரும்பினார். “யாருங்க அது?” என்றார். எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மூன்றாம் வரிசையில் ஒரு மனிதர், ஒன்றுமே செய்யாதவர், கையில் இருந்த கார் சாவியை அவசரமாகப் பையில் போட்டுக்கொண்டு மன்னிப்பு கேட்கும் முகத்தோடு உட்கார்ந்திருந்தார். டீச்சர் தாளைத் திருப்பி முதல் பக்கத்துக்கு வந்தார். முதலிலிருந்து வாசித்தார். அதே இடம் வந்ததும் வில்லை இறக்கி, எழுந்து கும்பிட்டார். பாட்டு முடிந்தது என்று நினைத்துக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. கடைசிப் பக்கம் திருப்பாமலே இருந்தது.

முதலாளிக்கு ஒரே சந்தோஷம். வருடம் முழுக்க உறுதி என்றார். பிறகு என் தோளைத் தொட்டு, “யாருன்னு உங்க மெஷின்ல விழுந்திருக்கும்ல. கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. அந்த ஆளுக்கு அடுத்த மாசம் எடம் கிடையாது” என்றார். டீச்சர் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பின்சந்தில் அவர் காரில் செல்லோவை ஏற்ற உதவினேன். பின்சீட்டில் படுக்கவைத்து பெல்ட் போட்டார்.

“என்னாண்ணே விழுந்துச்சு?” என்றார்.

ஹெட்போனில் ஒன்றும் விழவில்லை. ஒரு இருமல் இல்லை, நாற்காலி அசையவில்லை. அவர் மூச்சு விட்டதுகூடக் கேட்டது, அது மட்டும்தான் கேட்டது.

“யாரோ நாற்காலிய இழுத்தாங்க டீச்சர்” என்றேன்.

“எனக்கு ஒண்ணும் கேக்கலண்ணே.”

சந்தில் ஒரு மோட்டார்சைக்கிள் போனது. நான் பின்கதவைச் சாத்தினேன்.

“பின்ன ஏன் நிறுத்துனீங்க?”

“அதான் உங்கள கேட்டேன். உங்களுக்காவது எதாச்சும் கேட்டிருக்கும்னு நெனச்சேன்.” கார் சாவியை என் கையில் கொடுத்தார். “இத புடிங்க. அந்த ஆளு நான்தான்னு சொல்லிட்டு வாரேன்.”

“வேணாம் டீச்சர். வுடுங்க, அவரு சந்தோசமா இருக்காருலா.”

அவர் படியேறிப் போய்விட்டார். அந்தச் சந்தில் நான் மாறி மாறி இரண்டையும் வேண்டிக்கொண்டேன். சொல்லிவிட வேண்டும் என்று ஒரு தடவை, சொல்லக்கூடாது என்று ஒரு தடவை. கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்தார்.

“என்னா சொன்னாரு?”

“நம்ப மாட்டேங்கறாருண்ணே. இன்னொருத்தர் தப்ப நான் ஏத்துக்கறேனாம். பெருந்தன்மையாம்.” சாவியை வாங்கிக்கொண்டார். “அடுத்த மாசம் இன்னும் நல்லா பாத்துக்கறேங்கறாரு. சாக்ஸ் போட்டுத்தான் உள்ள வரணும்னு சொல்லப் போறாராம்.”

அடுத்த மாதம் கூடம் நிறைந்திருந்தது. எல்லாரும் சாக்ஸ் போட்டிருந்தார்கள். டீச்சர் வரவில்லை. அழைத்துப் பார்த்தேன், எண் வேலை செய்யவில்லை. புந்தோங் வீட்டுக்கு ஆள் அனுப்பினோம், பூட்டியிருந்தது. முதலாளி முன்வரிசையில் அந்த வெறும் நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். போகலாம் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒருவர் இருமவில்லை, ஒரு நாற்காலி அசையவில்லை. டீச்சருக்காக ஈப்போவில் இதுவரை யாரும் அப்படி அமைதியாக இருந்ததில்லை. பின்னால் மிக்சரில் கைவைத்தபடி எனக்குக் கோபமாக வந்தது. யார்மேல் என்று மட்டும் தெரியவில்லை.